புழுவுக்குப் பசியும் உண்டு, பத்தியமும் உண்டு



கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு நமக்குப் புதிதல்ல. நம் குழுக்களிலும் மல்பெரி நட்டு, குழுக்கடன் வாங்கி, புழு மனை கட்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வரும்போது அவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் கூடு விலை, மானியம், நெட்ரிகா எங்கே கிடைக்கும் என்பதுதான். இலையைப் பற்றிக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. "இலைதானே, வெட்டிப் போட்டா தின்னப்போகுது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு பேட்ச் நன்றாக வந்ததற்கோ, கெட்டுப்போனதற்கோ காரணம் தேடினால் பல தடவை இலையில்தான் போய் நிற்கிறது. இலை வெட்டுவது, சுமப்பது, நறுக்குவது, போடுவது எல்லாம் யார் வேலை? பெரும்பாலும் நம் வேலைதான். புழு செத்தால் பழி விழுவதும் நம் மேல்தான். "தீட்டோட உள்ளே போயிட்டா", "கண்ணு பட்டுடுச்சு" என்று சில வீடுகளில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதனால் இந்த இதழில் புழுவின் சாப்பாட்டைப் பற்றி விவரமாக எழுதுகிறோம். விவரம் கையில் இருந்தால்தான் வேலையும் ஒழுங்காக நடக்கும், வீண் பழிக்குப் பதிலும் சொல்ல முடியும்.

எத்தனை வாய், எவ்வளவு தீனி?

ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகளை ஒரு முட்டைத் தொகுதி என்கிறோம். அதில் ஏறக்குறைய 400 முதல் 500 முட்டை இருக்கும். நீங்கள் 100 தொகுதி வளர்த்தால் 40,000 முதல் 50,000 வாய்க்குச் சோறு போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

நாம் வளர்க்கும் வெண்பட்டுப் புழுவுக்கு மல்பெரி இலைதான் சாப்பாடு. தண்ணீர்கூட அது தனியாகக் குடிப்பதில்லை. அதற்கு வேண்டிய தண்ணீரும் இலைக்குள்ளேயேதான் இருக்கிறது. கூட்டில் இருக்கும் பட்டு நூல் முழுக்க அந்த இலையின் சத்திலிருந்து வந்தது. ஜப்பானில் மல்பெரி இலைத்தூளையும் சோயா மாவையும் கலந்து செயற்கைத் தீனி செய்து இளம்புழுவுக்குக் கொடுக்கிறார்கள். அதிலும் பாருங்கள், இலைத்தூள் இருக்கிறது. நம் வீட்டுக்கு ஏற்றதும் செலவு குறைந்ததும் பச்சை இலைதான்.

புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. பொரித்த நாளிலிருந்து கூடு கட்டப் போகும் வரை சுமார் 25 நாள். இந்த நாட்களுக்குள் அதன் எடை பத்தாயிரம் மடங்கு அளவுக்கு ஏறுகிறது. 100 முட்டைத் தொகுதிக்கு மொத்தம் ஏறக்குறைய 1,000 முதல் 1,200 கிலோ இலை தேவைப்படும். முதல் இரண்டு பருவத்துக்கும் சேர்த்து 10 கிலோ அளவு போதும். ஆனால் ஐந்தாம் பருவத்தில் மட்டும், அதாவது கடைசி ஏழெட்டு நாளில், மொத்தத் தீனியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தின்றுவிடும்.

இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதினைந்து நாளும் "இலை நிறைய இருக்கே" என்றுதான் தோன்றும். கடைசி வாரத்தில் தோட்டம் கண் முன்னாலேயே காலியாகும்.

முட்டைக்குச் சொல்லும் முன் இலையை எடை போடுங்க

நிறைய பேர் போன தடவை 200 எடுத்தோம், இந்தத் தடவை 250 எடுப்போம் என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 300 எடுத்தால் நாமும் 300. இலை அப்படி வளராது. வெயில், தண்ணீர், எரு எல்லாவற்றையும் பொறுத்து ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் நன்றாக இருக்கும் செடி, சுமாரான செடி, நோஞ்சான் செடி எல்லாம் கலந்து 10 செடியைத் தேர்ந்தெடுங்கள். இலையை மட்டும் உருவி எடை போடுங்கள். தண்டைச் சேர்க்க வேண்டாம், தண்டைப் புழு தின்னாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10 செடியில் 6 கிலோ இலை கிடைத்தால் ஒரு செடிக்கு 600 கிராம். தோட்டத்தில் 5,000 செடி இருந்தால் 3,000 கிலோ. 100 தொகுதிக்கு 1,200 கிலோ என்று வைத்தால் 250 தொகுதி வரை எடுக்கலாம். எடை போட்ட நாளுக்குப் பிறகு இலை கொஞ்சம் வளரத்தான் செய்யும். அதை நம்பி முட்டையைக் கூட்டாதீர்கள். பூச்சி தின்றது, பழுத்தது, மண் படிந்தது என்று கழிவுக்கும் அது வேண்டும்.

இலை மிஞ்சினால் மாட்டுக்குப் போடலாம், நஷ்டமில்லை. இலை குறைந்தால் வெளியில் தேடி ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறோம்.

வயசுக்குத் தகுந்த இலை

கைக்குழந்தைக்குக் குழைந்த சோறு, ஏர் பிடிக்கிறவருக்குக் களி. புழுவுக்கும் இதே கதைதான்.

முதல், இரண்டாம் பருவம்: கிளை நுனிக்குக் கீழே இருக்கும், பளபளப்பான, தொட்டால் மெத்தென்ற இளம் இலை. இதில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர் இருக்கும். முதல் பருவத்தில் விரல் நகத்தைவிடச் சின்னதாகவும், இரண்டாம் பருவத்தில் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் நறுக்கிப் போட வேண்டும். நறுக்கிய இலை சீக்கிரம் வாடும் என்பதால் தட்டுக்கு அடியிலும் மேலும் மெழுகுத்தாள் போட்டு மூடுவார்கள். அறையில் 27, 28 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். இந்த நுணுக்கம் எல்லா வீட்டிலும் சரிப்படாது. அதனால்தான் பலரும் இளம்புழு மையத்தில், அதாவது சாக்கி சென்டரில், இரண்டு தோலுரிப்பு முடிந்த புழுவாக வாங்குகிறோம். அது நல்ல வழக்கம்.

மூன்றாம் பருவம்: வீட்டுக்கு வந்ததும் முதல் தீனி. இங்கே பலர் அவசரப்பட்டு முற்றிய தண்டை வெட்டிப் போடுகிறார்கள். வேண்டாம். தண்டின் மேல்பாதியில் இருக்கும் மிருதுவான இலையாகக் கொடுங்கள்.

நான்காம் பருவம்: நடுத்தர இலை. தண்டோடு வெட்டிப் போடலாம்.

ஐந்தாம் பருவம்: நன்றாக விளைந்த, கரும்பச்சை இலை. இங்கே கொழுந்து இலை அதிகம் போனால் தண்ணீர்ச் சத்து கூடி, கழிச்சல் கண்டு நோய் சீக்கிரம் ஒட்டும். அதற்காக மஞ்சளாகிப் பழுத்த இலையும் கூடாது. பசிக்குக் கடிக்கும், உடம்பில் ஒட்டாது. கூடு லேசாகப் போகும். சந்தையில் லேசான கூட்டுக்கு என்ன விலை வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது பரவலாக இருக்கும் வி-1 ரகத்தில், கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய 60 நாளில் தண்டு வெட்டுக்கு வரும். அப்படியானால் புழு ஐந்தாம் பருவத்துக்கு வரும் வாரமும் தோட்டம் 60 நாளைத் தொடும் வாரமும் பொருந்தி வர வேண்டும். கவாத்து செய்யும் அன்றே காலண்டரில் தேதியைக் குறித்துவிட்டால் எப்போது முட்டைக்குச் சொல்வது என்பது தானாகத் தெரிந்துவிடும். ஒரே நாளில் முழுத் தோட்டத்தையும் கவாத்து செய்யாமல் சில நாள் இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாகச் செய்தால் இலை ஒரே சமயத்தில் முற்றாமல் இருக்கும்.

வெட்டும் நேரம், வைக்கும் விதம்

இலையை வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் இறங்கிய பின் மாலையிலும் வெட்டுங்கள். உச்சி வெயிலில் வெட்டிய இலை வீட்டுக்கு வருமுன்னே சோர்ந்துவிடும். பனித்தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும் இலையையும் அப்படியே போடாதீர்கள். மழை நாளில் வெட்டினால் நிழலில் பரப்பித் தண்ணீர் வடிந்த பிறகு போடுங்கள். ஈர இலை படுக்கையை ஈரமாக்கும், ஈரப் படுக்கையில் நோய் பரவும்.

வெட்டியதை மூட்டையாக இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். மூட்டைக்குள் கை விட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். "இலை வெந்துபோச்சு" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வெந்த இலை தின்றால் புழுவின் வயிறு கெடும். குளுமையான, இருட்டான, சுத்தமான மூலையில் இலையைத் தளர்வாக நிற்க வைத்து, நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடுங்கள். இடையிடையே கிளறிவிடுங்கள். காலையில் வெட்டியது அன்றைக்கே, மாலையில் வெட்டியது இரவுக்கும் மறுநாள் காலைக்கும் என்று வைத்துக்கொண்டால் பழசு தேங்காது.

அந்தச் சாக்கு எந்தச் சாக்கு என்று பார்ப்பது முக்கியம். உர மூட்டைச் சாக்கு, பூச்சி மருந்து வைத்திருந்த சாக்கு என்றால் எவ்வளவு துவைத்தாலும் இலைப் பக்கம் கொண்டுவராதீர்கள். இலைக்கென்றே இரண்டு சாக்கு தனியாக வைத்து, மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

தண்டு முறையில் தீனி போடும்போது ஒரு வேளை நுனி இந்தப் பக்கம், மறுவேளை நுனி அந்தப் பக்கம் என்று மாற்றிப் போடுங்கள். எல்லாப் புழுவுக்கும் சமமாகக் கிடைக்கும். ஒரு நாளைக்கு மூன்று வேளை போதும். ஆனால் நேரம் தவறக் கூடாது. இரவு நீளம் என்பதால் இரவுத் தீனி கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

தூங்கும்போது சோறு வேண்டாம்

தோலுரிக்கும் சமயத்தில் புழு தின்னாமல், தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். சில வீடுகளில் "பாவம், சாப்பிடலியே" என்று மேலும் இலையைப் போடுகிறார்கள். அந்த இலை மேலே மூடி, ஈரம் கட்டி, தோலுரிப்புக்கே இடைஞ்சல் ஆகும். அந்த நேரத்தில் தீனியை நிறுத்திவிடுங்கள். படுக்கை காய்வதற்கு நீற்றிய சுண்ணாம்புத் தூளைச் சலித்து மெல்லிசாகத் தூவுங்கள். காற்று வரட்டும்.

நூற்றுக்கு 90, 95 புழு தோலுரித்து எழுந்த பிறகே அடுத்த தீனி. முன்னால் எழுந்த நாலு புழுவுக்காகச் சீக்கிரம் போட்டால் சிலது பெருத்து, சிலது சிறுத்து, கூடு கட்டும்போது ஒன்று முந்தி ஒன்று பிந்தி, உங்கள் வேலை இரட்டிப்பாகும். ஒவ்வொரு தோலுரிப்பு முடிந்ததும் படுக்கையில் தூவும் மருந்துப் பொடியைத் தூவி, அரைமணி நேரம் கழித்து இலை போடுங்கள்.

இலை வழியாக வரும் விஷம்

இதுவரை சொன்னதில் பலதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனிச் சொல்லப்போவதைத்தான் எல்லாக் குழுவும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

பட்டுப்புழுவும் ஒரு பூச்சிப் புழுதான். பயிரைத் தின்னும் புழுவைக் கொல்லும் மருந்து நம் புழுவையும் கொல்லும். அது நல்ல புழு, இது கெட்ட புழு என்று மருந்துக்குத் தெரியாது.

2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது நினைவிருக்கும். அதிலிருந்து சோளக்காட்டில் மருந்து அடிப்பது கூடிவிட்டது. அதற்கு அடிக்கும் மருந்துகளில் குளோரான்ட்ரானிலிப்ரோல் என்று ஒன்று. காய்கறிக்கும் நெல்லுக்கும்கூட இதை அடிக்கிறார்கள். பட்டுப்புழுவுக்கு இது மிகக் கொஞ்சமாகப் பட்டாலே ஆபத்து. நம் தோட்டத்தில் நாம் அடிக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துக் காட்டில் அடிக்கும்போது காற்று நம் பக்கம் வீசினாலே போதும். இலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வாசனையும் இருக்காது. இலைக்குள் ஊறிவிட்ட மருந்து தண்ணீரில் அலசினாலும் போகாது.

எங்கள் பகுதியில் ஒரு சகோதரி வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். 200 முட்டைத் தொகுதி எடுத்திருந்தார். ஐந்தாம் பருவம் ஐந்தாம் நாள் வரைக்கும் புழு விரல் தடிமனில் ஜோராக இருந்தது. அன்றைக்கு இலை போதவில்லை. அடுத்த ஊரில் ஒருவரிடம் இரண்டு வண்டி இலை விலைக்கு வாங்கினார்கள். அந்தத் தோட்டத்தை ஒட்டிச் சோளக்காடு. மூன்று நாளைக்கு முன் அங்கே மருந்து அடித்தது இவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. இரவுத் தீனியாகப் போட்டார்கள். விடிந்து பார்த்தால் புழு தின்னவில்லை. உடம்பு சுருங்கிப் போயிருந்தது. மிஞ்சியவை நெட்ரிகாவில் ஏறியும் கூடு கட்டாமல் அலைந்தன. 22 நாள் உழைப்பு ஒரு ராத்திரியில் போனது. அந்த மாதத் தவணைக்கு அவர் கம்மலை அடகு வைத்தார்.

அதைவிட எங்களை வருத்தியது வேறொன்று. அதற்கு முந்தின நாள் அவருக்கு மாதவிலக்கு. வீட்டில் பெரியவர்கள் "அதனாலதான் புழு போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் அதை நம்பி அழுதுகொண்டிருந்தார். நாங்கள் போய், வாங்கின இலை போட்ட அடுக்கில் மட்டும் புழு செத்திருப்பதையும், சொந்தத் தோட்டத்து இலை போட்ட கடைசி அடுக்கில் புழு நன்றாக இருப்பதையும் காட்டினோம். இரண்டு அடுக்குக்கும் தீனி போட்டது அதே கைதானே என்று கேட்டோம். அதற்கு அப்புறம்தான் வீட்டில் பேச்சு நின்றது.

சகோதரிகளே, மாதவிலக்குக்கும் புழுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தூளை வாசலில் மிதித்துவிட்டு உள்ளே போகும் யாரும் எந்த நாளும் புழுவைத் தொடலாம். புழுவுக்கு ஆகாதது வேறு: பூச்சி மருந்து, கொசுவர்த்திச் சுருள், கொசு மருந்து, புகை. அதோடு புகையிலை. வெற்றிலையோடு புகையிலை போட்டுக் கசக்கிய விரலால் இலையைத் தொட்டால் புகையிலையின் நஞ்சு புழுவுக்கு ஏறும். புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே மல்பெரி வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

நோயா, விஷமா? எப்படித் தெரியும்?

பால்புழு நோய் என்றால் உடம்பு வளையம் வளையமாக வீங்கிப் பளபளக்கும், கீறினால் பால் போல வழியும். சுண்ணாம்புக்கட்டி நோய் என்றால் செத்த புழு வெள்ளையாக விறைத்துவிடும். கழிச்சல் கண்ட புழு தளர்ந்து, மெத்தென்றாகிக் கறுக்கும். இவை எல்லாம் இங்கே நாலு, அங்கே பத்து என்று ஆரம்பித்துக் கூடும்.

விஷம் அப்படி வராது. ஒரு தீனிக்குப் பிறகு, ஒரே நேரத்தில், நிறையப் புழுவுக்கு வரும். தலையைத் தூக்கி ஆட்டும், பச்சைத் தண்ணீர் கக்கும், துடிக்கும், உடம்பு சுருங்கும். இதைக் கண்டால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே ஜன்னல்களைத் திறங்கள். அந்த இலையை அப்புறப்படுத்துங்கள். உயிரோடு இருக்கும் புழுவை வேறு இடத்துக்கு மாற்றி, நிச்சயமாகத் தெரிந்த சுத்தமான இலையைப் போடுங்கள். சந்தேகப்பட்ட இலையில் கொஞ்சம் எடுத்து வைத்து, பட்டு வளர்ச்சித் துறை அலுவலருக்குச் சொல்லுங்கள்.

வருமுன் காக்க: சோதனைத் தட்டு

வெளியில் வாங்கிய இலை, வரப்போரத்து இலை, பக்கத்தில் மருந்து அடித்ததாகக் கேள்விப்பட்ட இலை எதுவானாலும் முதலில் 50 புழுவை ஒரு தனித் தட்டில் எடுத்து அவற்றுக்கு மட்டும் போடுங்கள். குறைந்தது ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அவை வழக்கம் போலத் தின்று, கழித்து, சுறுசுறுப்பாக இருந்தால் மற்றதற்குப் போடலாம். இல்லையென்றால் 50 புழுவோடு போகும்.

"ஒரு நாள் காத்திருக்க இலை எங்கே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்குத்தான் ஐந்தாம் பருவம் இரண்டாம் நாளிலேயே தோட்டத்தைச் சுற்றி வந்து, மிச்சம் எத்தனை நாளைக்குக் காணும் என்று பார்த்துவிட வேண்டும். குறையும் என்று தெரிந்தால் அன்றைக்கே இலை விசாரித்து, அன்றைக்கே சோதனைத் தட்டும் வைத்துவிட வேண்டும். கையில் ஒரு வேளை இலைகூட இல்லாத நேரத்தில் சோதனை செய்ய யாராலும் முடியாது.

நம் மல்பெரிக்கே பூச்சி வந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். நுனி சுருண்டு போகும் மாவுப்பூச்சித் தாக்குதல் என்றால் அந்த நுனிகளைக் கிள்ளிச் சேர்த்து எரிக்கலாம். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டை விடலாம். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியது. அதை அடக்கியது மருந்து அல்ல. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் எந்த மருந்து, எத்தனை நாள் கழித்து இலை வெட்டலாம் என்பதை அலுவலரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

குழுவாகச் செய்ய வேண்டியது: மருந்து நாள் குறிப்பு

சோதனைத் தட்டை ஒரு பெண் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்துக் காட்டு மருந்தை ஒரு பெண் தனியாக நிறுத்த முடியாது. போய்ச் சொன்னால், "என் காட்டுல நான் அடிக்கிறேன், உனக்கென்ன?" என்பார்கள். பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் சேர்ந்து போய்ச் சொன்னால் பேச்சு மாறும். நாம் அவரிடம் மருந்து அடிக்காதே என்று சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு அடியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள்.

1. குழுவில் புழு வளர்ப்பவர்களின் தோட்டத்தைச் சுற்றி யார் யார் காடு, என்ன பயிர் என்று ஒரு தாளில் படமாக வரையுங்கள்.

2. புழு மனைக்குப் புழு வரும் தேதியையும், கூடு கட்டும் தேதியையும் அந்தக் காட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

3. அவர்கள் மருந்து அடிக்க இருந்தால் இரண்டு நாள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால், அந்த ஓரத்து இலையை முதலில் வெட்டிவிடலாம்.

4. அடித்த தேதி, மருந்தின் பெயர், எந்தப் பக்கம் என்பதைக் குழு நோட்டில் எழுதுங்கள். இலை விற்பவரும் வாங்குபவரும் அந்த நோட்டைப் பார்த்த பிறகே பேசட்டும்.

5. வரப்போரத்து இரண்டு வரிசை மல்பெரியைப் புழுவுக்கு வெட்டாமல் விடலாம். உயரமாக வளரும் வேலிச் செடி வைத்தால் காற்றில் வரும் மருந்து கொஞ்சம் தடுபடும்.

6. ட்ரோன் மூலம் மருந்து அடிப்பது நம் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. 2023-ல் மத்திய அரசு அறிவித்த நமோ ட்ரோன் தீதி திட்டம் மகளிர் குழுக்களுக்கே ட்ரோன் கொடுப்பதற்கானது. உங்கள் வட்டாரத்தில் ட்ரோன் ஓட்டும் சகோதரி இருந்தால் மல்பெரித் தோட்டப் படத்தை முதலில் அவரிடம் கொடுங்கள். ஒரு குழுப் பெண் அடிக்கும் மருந்தில் இன்னொரு குழுப் பெண்ணின் புழு போகக் கூடாது.

கம்மலை அடகு வைத்த அந்தச் சகோதரியின் குழு இப்போது இந்த நோட்டை எழுதி வருகிறது. முதல் பக்கத்தில் தேதிகளை எழுதியது அவருடைய மாமியார்தான். காட்டுக்காரர்களிடம் போய்க் கேட்டு வருவதும் அவரே. "பொம்பளைங்க போனா பதில் சொல்ல மாட்டேங்கிறான், கிழவி போனா சொல்றான்" என்று சிரிக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேச

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிறகு இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள்.

இந்தத் தடவை முட்டைக்குச் சொல்லுமுன் 10 செடி எடை போட்டவர்கள் யார்?

இலைக்கென்று தனிச் சாக்கு யார் வீட்டில் இருக்கிறது?

உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துக் காட்டில் கடைசியாக மருந்து அடித்தது எப்போது, என்ன மருந்து?

ஒரு பேட்ச் கெட்டபோது வீட்டில் யாரைக் குறை சொன்னார்கள்? உண்மையான காரணம் என்னவாக இருந்திருக்கும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கும் முதலில் வாய் வராது. அவசரப்படாமல் காத்திருங்கள். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்களும் பேசுவார்கள். பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.